பண்டோரனில் ஒன்பது வாரம்

நாக்மோர், மேயோ
12 நவம்பர் 2012

அன்புள்ள அட்டி,

இங்கே நலம். நீயும் உன் வீட்டுக்காரர் ஃபிராங்க்கும் மகன் கீரனும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேண்டிக்கொண்டேன். எழுத்து கோழி கிளறினாற்போல இருக்கிறதே என்று திட்டாதே. முற்றத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது கையால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரன் மலாக்கி வழக்கம்போல இருக்கிறான். மழையும் வழக்கம்போல.

உறையின் மேல் ‘மிஸஸ் டிம்ப்னா கோரிகன், பாஸ்டன்’ என்று என் பெயரை நானே எழுதி உனக்கு அனுப்ப ஆரம்பித்து நாற்பத்தாறு வருடம் ஆகிறது. இந்த முறைதான் எழுதும்போது கை நின்றது. காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படி. டெலிபோனில் சொல்ல முடியாது. டெலிபோன் மலாக்கியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிப்ரவரியில் எனக்கு அறுபத்தாறு. பென்ஷனுக்கு எழுதிப் போட்டேன். மலாக்கி வீட்டில் இல்லாத நேரத்தில், வாரம் தொண்ணூற்றிரண்டு யூரோ என்று பதில் வந்தது. முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடம் ஊரார் படுக்கை விரிப்பைத் துவைத்தவளுக்கு இவ்வளவுதானா என்று கேட்க ஆபீஸுக்கே போனேன். சன்னலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“பென்ஷனுக்காக வாராவாரம் அட்டையில ஒட்டுற ஸ்டாம்ப் இருக்கில்ல, அதுல உங்க முதல் ஸ்டாம்ப் அறுபத்தி நாலுல விழுந்திருக்கு மேடம். அன்னைலேர்ந்து இன்னை வரைக்கும் நாப்பத்தெட்டு வருஷம். மொத்த ஸ்டாம்பையும் அதால வகுப்பாங்க. அதான் சராசரி ரொம்பக் கம்மியா வருது.”

“நான் தொண்ணூத்தி நாலுலதானேம்மா வேலைக்கே போனேன்?”

“பண்டோரன் கடற்கரையில ஒரு ஓட்டல்னு இருக்கு. ஒம்பது வாரம், ஒம்பது ஸ்டாம்ப். அந்த ஒம்பதும் இல்லேன்னா உங்க கணக்கு தொண்ணூத்தி நாலுலேர்ந்துதான் ஆரம்பிக்கும். வாரம் எரநூத்தி ஏழு வந்திருக்கும்.”

“அப்ப வேலை பாத்ததுக்குத் தண்டனையா?”

“ரூல் அப்படி மேடம்” என்றாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

அந்த ஒன்பது வாரமும் நீ பார்த்த வேலை, அட்டி. உனக்கு அப்போது பதினைந்து. பதினாறு ஆகாதவர்களுக்கு ஸ்டாம்ப் அட்டை கிடையாது என்று அம்மா என் அட்டையை உன் கையில் கொடுத்து அனுப்பினாள். நான் வீட்டில் அம்மாவுக்குப் படுக்கைச் சட்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ‘அந்தக் கோடையில் அங்கே வேலை பார்த்தது என் அக்கா இல்லை, நான்’ என்று ஒரு வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

மருந்துக்கடை கன்செப்டாவை உனக்கு நினைவிருக்கும். கடைக்கு மேலே இரண்டு அறை வைத்திருக்கிறாள், வாடகை வாரம் எண்பது. தொண்ணூற்றிரண்டில் எண்பது போனால் மிச்சத்துக்குக் காற்றைத்தான் குடிக்க வேண்டும். இருநூற்று ஏழு வந்தால் நான் மலாக்கியை விட்டுப் போகிறேன். எழுதியே விட்டேன், பார். இல்லாதவர்களுக்கென்று இன்னொரு பென்ஷன் இருக்கிறது. ஆனால் அதற்கு வீட்டுக்கு ஆள் வந்து மாட்டை எண்ணுவான், மலாக்கியின் கையெழுத்தைக் கேட்பான். அதைவிடக் கிணற்றில் குதிக்கலாம்.

உன் அக்கா
டிம்ப்னா

*

பாஸ்டன்
15 டிசம்பர் 2012

என் அன்பான டிம்ப்னா,

உனக்கும் மலாக்கிக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. மாவுக்கட்டு பிரித்தாயிற்றா? நம் வயதில் எலும்பு மெதுவாகத்தான் கூடும். பால் நிறையக் குடி. இங்கே பனி முழங்கால் உயரம். கீரன் வந்து வாசலை வாரிவிட்டுப் போனான். அவன் பெண்ணுக்கு முன்பல் விழுந்திருக்கிறது, சிரித்தால் நம் அப்பாவே சிரிப்பது போல இருக்கிறது. ஃபிராங்க் இப்போதெல்லாம் கொஞ்சம் மறக்கிறார். காலையில் பாலை அலமாரியிலும் செருப்பை ஐஸ் பெட்டியிலும் வைத்தார். நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

பென்ஷன் விஷயம் படித்தேன். அநியாயம். இங்கே நான் ஐந்து வருடம் வேலைக்குப் போயிருந்தால் அதிகம். பிள்ளை வளர்த்துக்கொண்டு வீட்டில்தான் இருந்தேன், ஆனாலும் ஃபிராங்க்கின் பென்ஷனில் பாதி அளவுக்கு எனக்கென்று தனியாக வருகிறது. அங்கே அப்படி ஒன்றும் இல்லையா? நீ நம் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுது.

நூறு டாலர் வைத்திருக்கிறேன். உனக்கென்று ஏதாவது வாங்கிக்கொள்.

மறவாத
அட்டி

*

நாக்மோர்
9 ஜனவரி 2013

அன்புள்ள அட்டி,

வாழ்த்து கிடைத்தது. உன் பேத்தியின் பல் முளைக்கட்டும், ஃபிராங்க்குக்கு என் அன்பைச் சொல்.

நான் கொட்டைப் பாக்கைக் கேட்டால் நீ குளத்து மீனைப் பற்றிச் சொல்கிறாய். பனி, பால், செருப்பு எல்லாம் இருக்கிறது உன் கடிதத்தில். கையெழுத்துப் போடுகிறேன், போடமாட்டேன் என்கிற ஒரு வார்த்தை இல்லை.

உன் நூறு டாலரை நான் பார்க்கவில்லை. உறையை மலாக்கி பிரித்தான். பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாழ்த்தை மட்டும் என்னிடம் கொடுத்தான். நல்லவேளை, கடிதம் படிக்கிற பொறுமை அவனுக்கு இல்லை. இனி நீ எழுதினால் கன்செப்டாவின் கடை விலாசத்துக்கு எழுது.

போன கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன். முற்றத்தில் நான் விழவில்லை. என் கை நிலைப்படியில் இருப்பது தெரிந்தே கதவைச் சாத்தினான். ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் இரண்டு தடவை கேட்டான், “உண்மையிலேயே வழுக்கித்தான் விழுந்தீங்களா?” என்று. மலாக்கி பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழுக்கித்தான் விழுந்தேன் என்றேன். முப்பது வருடமாக எப்போதாவதுதான். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை. எனக்குப் பயமாக இருக்கிறது, அட்டி. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தாளை அனுப்பு.

டிம்ப்னா

*

பாஸ்டன்
20 பிப்ரவரி 2013

என் அன்பான டிம்ப்னா,

பிறந்தநாள் வாழ்த்து. இங்கே அன்றைக்குக் கீரன் எனக்குக் கேக் வெட்டினான். உன் பிறந்தநாள்தானே எனக்கும் பிறந்தநாள்.

உன் கடிதத்தைப் படித்தேன். நீ அந்த வீட்டில் இருக்கக் கூடாது. ஆனால் நான் ஏன் எழுதாமல் நழுவினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு சிநேகிதிக்கு என்று சொல்லி இங்கே ஒரு வக்கீலிடம் கேட்டேன். “அவங்க அக்கா பேர்ல வந்தாங்க, அக்கா பேர்லயே குடியுரிமைச் சத்தியமும் எடுத்தாங்கன்னா, அதை எழுத்துல ஒத்துக்கவே கூடாது. குடியுரிமை போகும், பென்ஷன் போகும், இதுவரை வாங்கினதையும் திருப்பிக் கேப்பாங்க” என்றார். நான் என் நிஜ வயதுக்கு இரண்டு வருடம் முன்னதாகவே பென்ஷன் வாங்கியவள். என் ஆஸ்பத்திரிக் காப்பீடு, இந்த வீடு, கல்யாணப் பத்திரம் எல்லாம் டிம்ப்னா. கீரனுக்கும் நான் டிம்ப்னாதான். அவனுக்குத் தெரியாது. ஃபிராங்க்குக்கு ஒரு காலத்தில் தெரியும், இப்போது மறந்துவிட்டார்.

ஃபிராங்க் கொஞ்சம் மறக்கிறார் என்று எழுதினேன் அல்லவா? கொஞ்சம் இல்லை. நான் யார் என்று கேட்கிறார். குளிப்பாட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நான். என்னைப் பிடித்துப் போனால் அவரை யார் பார்ப்பார்கள்?

நான் கப்பலேறக் கிளம்பிய அன்று உன் பிறப்புச் சான்றிதழை என் பெட்டியில் வைக்கச் சொல்லி அம்மா கொடுத்தபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். கோபித்துக்கொள்ளாதே.

அட்டி

*

நாக்மோர்
11 மார்ச் 2013

அட்டி,

நலமா என்று கேட்கிற மனநிலை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

ஆமாம், பக்கத்தில்தான் நின்றேன். பெட்டியை இறுக்கக் கட்டியதும் நான்தான். பாஸ்டனிலிருந்து அத்தை டிக்கெட் அனுப்பியது யாருக்கு? எனக்கு. விசா யார் பெயரில் வந்தது? என் பெயரில். அம்மாவைப் பார்க்க ஒருத்தி வேண்டும், டிம்ப்னாவுக்கு நோயாளியைப் பார்க்கிற கைப்பக்குவம் உண்டு, அட்டி குழந்தை, அவள் போகட்டும் என்றார்கள். இந்தக் குடும்பத்தில் நல்ல கைப்பக்குவத்தைப் போல ஒரு சாபம் கிடையாது.

அம்மாவை நான் பதினொரு வருடம் பார்த்தேன். பிறகு நாலு பிள்ளைகள். பிறகு மலாக்கியின் அப்பா, ஆறு வருடம், முதுகெல்லாம் புண். பென்ஷன் முடிவை எதிர்த்து அப்பீல் போட்டிருக்கிறேன், அந்த மனுவில் வருடத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஆபீஸில் அந்தச் சின்னப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அறுபத்தஞ்சுலேர்ந்து தொண்ணூத்தி மூணு வரைக்கும் ஒண்ணுமே இல்லையே மேடம். என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“சும்மா இருந்தேம்மா” என்றேன். “மூணு பேரைச் சாகுற வரைக்கும் பாத்தேன்னு எழுதலாமா, இல்ல நாலு பேரைப் பெத்தேன்னு எழுதலாமா? எந்தக் கட்டத்துல எழுதணும்?”

மூன்றாவது ஆள் யார் என்று நீ கேட்பாய். என் இரண்டாவது பெண் குழந்தை. உனக்கு எழுதினேன், மறந்திருப்பாய்.

ஆபீஸ் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. “பிள்ளை பாத்தவங்களுக்கு ஒரு சலுகை இருக்கு மேடம். ஆனா தொண்ணூத்தி நாலு ஏப்ரலுக்கு அப்புறம் பாத்தாத்தான் கணக்கு” என்றாள். அதற்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தானாக வளர்ந்தன போலிருக்கிறது. சேசு மரி சூசையே, எந்த ஆண்பிள்ளை உட்கார்ந்து எழுதின சட்டமோ!

ஜூன் ஆறாம் தேதி அப்பீல் விசாரணை. வேலை பார்த்தது நான் இல்லை என்றால் யார் என்று சாட்சி வேண்டும். மேயோவில் உட்கார்ந்திருக்கிறவன் வாஷிங்டனுக்கா டெலிபோன் செய்யப் போகிறான்? துணிந்து போடு.

டிம்ப்னா

*

பாஸ்டன்
30 ஏப்ரல் 2013

அன்புள்ள டிம்ப்னா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஃபிராங்க் கதவைத் திறந்துகொண்டு தெருவில் போய்விட்டார். போலீஸ்காரர் கூட்டிவந்தார். என் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது.

இப்போதெல்லாம் இரண்டு நாட்டுப் பென்ஷன் ஆபீஸும் பேசிக்கொள்கின்றனவாம். நான் விசாரித்துவிட்டேன்.

எனக்கு ஒரு யோசனை. நோரீன் மாமி மகளை நினைவிருக்கிறதா, நெஞ்சுச் சளியில் போனாளே? அவள்தான் உன் அட்டையைக் கொண்டுபோனாள் என்று சொல்லேன். செத்தவளை யார் என்ன செய்யப் போகிறார்கள்?

கன்செப்டா விலாசத்துக்கு மாதாமாதம் நூறு டாலர் அனுப்புகிறேன். அதற்கு மேல் ஃபிராங்க்கின் மருந்து விடாது.

அட்டி

*

நாக்மோர்
20 மே 2013

அட்டி,

உன் கால் வீக்கம் குறைந்ததா? ஃபிராங்க்கை வெளித்தாழ்ப்பாள் போட்டுப் பார்த்துக்கொள்.

நோரீன் மாமி மகள் அறுபத்து மூன்றிலேயே இறந்துவிட்டாள். கல்லறையில் தேதி வெட்டியிருக்கிறது. பொய் சொல்லச் சொல்கிறவள் அதையாவது சரியாகச் சொல்லக் கூடாதா?

போன வாரம் மலாக்கி என் கோட்டை அடுப்பில் போட்டான். வெளியே போகிற கோட்டு எனக்கு அது ஒன்றுதான்.

கன்செப்டா அறையை ஜூன் கடைசிவரைக்கும் எனக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை மேலே ஏறிப் பார்த்தேன். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. நானே போட்டு, நானே திறந்து பார்த்தேன். சிரிக்காதே.

ஒன்று சொல்கிறேன், கோபத்தில் அல்ல. எனக்கு உன் தாள் இல்லாமலும் வழி இருக்கிறது. உன் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. பிப்ரவரிக் கடிதத்தை மேஜையில் வைத்தால் போதும், அந்த அதிகாரி வேறு சாட்சி கேட்க மாட்டார். அந்த இடத்துக்கு என்னைத் தள்ளாதே. நீயே எழுதினால் வக்கீலை வைத்து வார்த்தையைப் பார்த்துப் போடலாம். நான் சொன்னால் அப்படியே போய்விடும்.

இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.

டிம்ப்னா

*

பாஸ்டன்
4 ஆகஸ்ட் 2013

என் அன்பான டிம்ப்னா,

மே மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. நீ ஜூனில் எழுதவில்லை, ஜூலையிலும் எழுதவில்லை. வாசலில் கார் நிற்கும்போதெல்லாம் என்னைத்தான் பிடிக்க வருகிறார்கள் என்று திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். யாரும் வரவில்லை.

ஜூலை பத்தொன்பதாம் தேதி ஃபிராங்க் இறந்துவிட்டார். தூக்கத்தில், வலியில்லாமல். கடைசி வாரம் ஒருநாள் என்னைப் பார்த்து “அட்டி” என்று கூப்பிட்டார். முப்பது வருடமாக அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. கீரன் பக்கத்தில் இருந்தான். “யாரும்மா அட்டி?” என்று கேட்டான். அடக்கம் முடிந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்ப பெரியம்மா இத்தனை வருஷமா என்ன பேரை வச்சு வாழ்ந்தாங்க?” என்று கேட்டான்.

இனி என்னை நம்பி யாரும் படுக்கையில் இல்லை. பிடித்துப் போனால் போகட்டும். இத்துடன் தாள். வக்கீல் முன்னால் போட்ட கையெழுத்து. அட்ராக்டா என்று என் சொந்தப் பெயரை எழுத இரண்டு தடவை தப்பிவிட்டது. அப்பீலில் என்ன ஆனாலும் மறுபடி மனு போடலாம் என்று கீரன் சொல்கிறான்.

தாமதம்தான். இவ்வளவு நாள் கோழையாக இருந்தேன். என்னை மன்னித்துவிடு.

உன் தங்கை
அட்டி

*

நாக்மோர்
2 செப்டம்பர் 2013

அன்புள்ள அட்டி,

ஃபிராங்க்கின் ஆத்துமாவுக்கு இங்கே பூசை சொல்லச் சொல்லியிருக்கிறேன். நல்ல மனிதர். உன் கையால் குளிப்பாட்டி அனுப்பினாய், அந்த நிம்மதி உனக்கு இருக்கும்.

ஜூன் ஆறாம் தேதி நடந்ததை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது எழுதித்தான் ஆகவேண்டும். உன் பிப்ரவரிக் கடிதத்தைக் கைப்பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். அதிகாரி நல்லவராகத்தான் இருந்தார். வேதாகமத்தின் மேல் கை வைக்கச் சொன்னார்கள்.

“சரிம்மா, நீங்க இல்லேன்னா யாரு? பேர் சொல்லுங்க” என்றார்.

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாசம் பொங்கி நான் அதை விழுங்கினேன் என்று நினைக்காதே. உன்மேல் அன்றைக்கு எனக்கு இருந்தது வெறுப்பு. ஆனால் ஃபிராங்க் கதவைத் திறந்துகொண்டு தெருவில் நடக்கிறது கண்ணில் வந்தது. படுக்கையில் கிடக்கிறவரைப் பார்த்துக்கொள்கிற ஒருத்தியை அங்கிருந்து இழுத்துப்போடுகிற பாவம் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. என்னைவிட வேறு யாருக்கு அது தெரியும்?

“அம்மா, கேக்குறேன்ல. அந்த ஓட்டல்ல வேலை பாத்தது யாரு?”

“நான்தான்” என்றேன்.

“அப்ப மனுவுல இல்லேன்னு எழுதியிருக்கீங்க?”

“வயசாச்சு சார். மறந்துபோச்சு.”

அவர் என்னை நம்பவில்லை. சோதிக்கிற மாதிரி, அங்கே என்ன வேலை என்று கேட்டார். நீ அந்தக் கோடையில் எழுதியதையெல்லாம் சொன்னேன். ஒரு கட்டிலில் நாலு பேர், மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு, ஈர விரிப்புகளைக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றது. நிறுத்தாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

உன் தாள் போன வாரம் கன்செப்டா கடையில் கிடைத்தது. அங்கேயே நின்று இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். சத்தியம் செய்து நான்தான் என்று சொன்ன பிறகு, நீயும் சத்தியம் செய்து நீதான் என்கிறாய். அதைக் காட்டினால் பொய்ச் சத்தியத்துக்கு நான் உள்ளே போகவேண்டும், பழைய குற்றத்துக்கு நீ போகவேண்டும். இனி இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதே. கீரனிடமும் சொல். தாளை நீ ஜனவரியில் அனுப்பியிருக்க வேண்டும், அட்டி. மன்னிப்புக் கேட்டாய். மன்னிக்க முயற்சி செய்கிறேன். இன்னும் வரவில்லை.

கன்செப்டா ஜூலையில் அந்த அறைகளை ஒரு இளம் ஜோடிக்குக் கொடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

அப்பீல் தள்ளுபடி, அதே தொண்ணூற்றிரண்டுதான் என்ற முடிவு வீட்டு விலாசத்துக்கு வந்தது. மலாக்கி பிரித்தான். “தொண்ணூத்திரெண்டா? இத்தனை நாளா வாயே தொறக்கல?” என்றான். சந்தோஷமாகவே சொன்னான். பென்ஷன் வெள்ளிக்கிழமைதோறும் தபால் ஆபீஸில் தருகிறார்கள். அவனே காரில் கூட்டிப் போகிறான். எஞ்சினை அணைக்காமல் வாசலில் நிற்கிறான். நான் வெளியே வந்ததும் கையை நீட்டுகிறான்.

உன் கால் வீக்கத்துக்கு உப்பைக் குறை.

டிம்ப்னா